மகன் பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

கேள்வி: திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கிறோம். என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. அங்கன்வாடிக்குப் போகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே வயதுதான். எல்.கே.ஜி. போகிறது. ஏ, பி, சி, டி முழுக்க எழுதுகிறது, நூறு வரை சொல்கிறது. என் மகன் பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறான். நான் பத்தாவது வரைதான் படித்தேன், இங்கிலீஷ் வராது. வீட்டில் பூக் கட்டுகிறேன், அவர் ஆட்டோ ஓட்டுகிறார். வேலை நேரத்தில் போனில் ரைம்ஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். தெருவில் ஒரு ட்யூஷன் இருக்கிறது, மாதம் 600 ரூபாய். சேர்க்கலாமா? வீட்டில் நான் என்னதான் சொல்லிக் கொடுப்பது?

பதில்: ட்யூஷன் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த மாதமே நீங்கள் பணத்தைக் கட்டிவிடக்கூடும். மூன்றே முக்கால் வயதுப் பிள்ளை சாயங்காலம் இன்னொரு பாயில் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவன் ஓட வேண்டும், ஏற வேண்டும், குதிக்க வேண்டும்.

பென்சில் விஷயத்துக்கு வருவோம். நம் மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு தெரிய ஆரம்பிக்கவே எட்டு வயதைத் தாண்டிவிடும். விரல்களை அசைக்கும், கையில் இருக்கும் சின்னத் தசைகளும் அப்படித்தான், பைய வலுவாகும். மூன்று விரலால் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் வருகிறது. உங்கள் மகன் அடம் பிடிக்கவில்லை. அவன் கை இன்னும் தயாராகவில்லை, அதைத்தான் அவனுக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறான்.

இதை நான் என் வீட்டில் பட்டுத்தான் கற்றேன். மூத்த மகளுக்கு மூன்று வயதில், விஜயதசமி அன்று, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி விரல் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். அவளுக்கு அது பிடித்திருந்தது, நெல்லை அளைந்துகொண்டே இருந்தாள். மறுநாளே நான் சிலேட்டைக் கொடுத்து, தினம் ஒரு பக்கம் என்று உட்கார வைத்தேன். இரண்டே வாரம். சிலேட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அந்தப் பயம் விலக ஒரு வருஷம் ஆனது. இருபது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், இன்னும் அது எனக்கு மனசு வலிக்கும் விஷயம்தான்.

சரி, கைக்கு என்ன வேலை கொடுக்கலாம்? சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. உரிக்கப் பட்டாணி, பூண்டு. தண்ணீரில் நனைத்த துணியைப் பிழிவது. தாம்பாளத்தில் கோலமாவு போட்டு விரலால் கோடு இழுப்பது. வாசலில் சாக்பீஸால் பெரிது பெரிதாக வட்டம். இதெல்லாம் எழுத்துக்கு முந்தைய எழுத்து வேலை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ‘வீட்டில் பூக் கட்டுகிறேன்’ என்ற வரியைத்தான். நீங்கள் அதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய வசதியாகத் தெரிகிறது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைதான் வேலையில் இருக்கிறது, வாய் சும்மாதான் இருக்கிறது. பிள்ளை எட்டும் தூரத்தில் இருக்கிறான். போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

உதிரிப்பூவில் ஒரு கைப்பிடி அவன் முன்னால் போடுங்கள். மொட்டைத் தனியாக, மலர்ந்ததைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மல்லிகைக் காம்பை நசுங்காமல் இரண்டு விரலால் எடுப்பது என்ன சின்ன வேலையா? நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகும் அதே விரல்கள்தான். அப்புறம், ‘ரெண்டு மொட்டு குடு’ என்று கேளுங்கள். கட்டும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘ரெண்டு அங்கிட்டு, ரெண்டு இங்கிட்டு, மொத்தம் எத்தனை?’ பதில் வராவிட்டால் நீங்களே எண்ணிக் காட்டி, கடைசியில் ‘நாலு’ என்று முடியுங்கள். சரம் நீளும்போது எது நீளம், எது குட்டை, இன்னும் எவ்வளவு கட்டினால் ஒரு முழம் வரும் என்று பேசுங்கள். அவன் கையால் ஒரு முழம் அளக்கட்டும், பிறகு உங்கள் கையால். இரண்டும் ஏன் ஒன்றாக வரவில்லை? அவன் யோசிப்பான். இந்தக் கேள்வியை எந்த ட்யூஷனிலும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். இது அவனுக்கு விளையாட்டாகவே இருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடினால் ஓடட்டும். ‘இத்தனை பிரித்தால்தான் சாப்பாடு’ என்ற பேச்சு வேண்டாம். வேலையில் அவன் உங்களுக்கு உதவியாள் இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை சொல்வது நல்லதுதான். ஆனால் வரிசையாகச் சொல்வது ஒன்று, எண்ணத் தெரிவது வேறு. நூறு வரை பாடும் பிள்ளையிடம் ‘அஞ்சு புளியங்கொட்டை எடுத்துக் குடு’ என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு கை நிறைய அள்ளித் தருவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற புரிதல் பெரும்பாலும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் மெல்ல வருகிறது. அதற்குப் பல்லாங்குழி போல ஒரு விளையாட்டு கிடையாது. குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போகும்போது ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது கையில் ஏறிவிடும். பலகை இல்லையென்றால் தரையில் வட்டம் போட்டால் போதும். முத்தையோ கொட்டையையோ வாயில், மூக்கில் போட்டுவிடுவான், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். எண்களைத் தமிழிலேயே சொல்லுங்கள். பதினொன்று, பதிமூன்று, பதினான்கு என்னும்போதே உள்ளே பத்து இருப்பது காதில் விழுகிறது. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பதில் அது கேட்காது.

இங்கிலீஷ் தெரியாதது பற்றி நீங்கள் வருந்த வேண்டாம். குழந்தையின் மொழி வளர்வது, அவனோடு இருப்பவர்கள் அவன் சொன்னதைப் பிடித்துப் பதில் பேசுவதால். அந்தப் பேச்சு உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் செழிப்பாக இருக்கும். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் எத்தனை, தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை! அவர்களிடமும் இதையே சொல்கிறேன், வீட்டு மொழியிலேயே பேசுங்கள். ஒரு மொழியில் யோசிக்கவும் கதை சொல்லவும் கற்ற பிள்ளை அடுத்த மொழியை அதன் மேல் கட்டிக்கொள்ளும். அரைகுறை இங்கிலீஷில் ‘சிட், ஈட், கம்’ என்று நான்கு வார்த்தை சொல்வதைவிட, சமையல்கட்டில் நீங்கள் பேசும் நாற்பது வார்த்தை அவனுக்குச் சொத்து.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாம் பெரும்பாலும் இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுவது இன்னும் நல்லது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் போயிருந்தீர்களா? ‘அழகர் எதுல வந்தாரு? என்ன கலர் பட்டு கட்டியிருந்தாரு? அப்பா தோள்ல யாரு உட்கார்ந்தது? தண்ணி பீச்சி அடிச்சாங்களே, நீ என்ன செஞ்ச?’ என்று கேளுங்கள். முன்னே பின்னே கோர்த்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லக் கற்றவனுக்குப் பிற்பாடு பாடப்புத்தகக் கதை புரிவது எளிது. நிறமும் அதிலேயே வந்துவிடும், தனியாக அட்டை காட்ட வேண்டாம்.

எழுத்து? தமிழில் ஆய்தத்தோடு சேர்த்து 247. அவசரமே இல்லை, முதலில் காது பழகட்டும். ‘மல்லி, மயில், மரம்’ என்று நீங்கள் சொல்லுங்கள், அதே மாதிரி ஆரம்பிக்கும் இன்னொரு சொல்லை அவன் தேடட்டும். தப்பாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு சரியானதைச் சொல்லிவிட்டுப் போங்கள். பிறகு அவன் பெயரின் முதல் எழுத்து. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போர்டில் அந்த எழுத்தைத் தேடலாம். மாட்டுத்தாவணி பஸ் வந்தால் ‘மாடு’ என்பதில் வரும் ‘மா’வைக் காட்டுங்கள். தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்று அவன் அப்பா சொல்லட்டும், பிள்ளை மறக்க மாட்டான்.

போனை முழுக்க ஒதுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் இன்னும் நல்லது. தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். ரைம்ஸ் போட்டால் கூட உட்கார்ந்து பாடுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் போன் வேண்டாம்.

புத்தகத்துக்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. புது நத்தம் ரோட்டில், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆட்டோ ஓட்டாத ஒரு நாளில் அப்பாவே கூட்டிப் போகட்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கும்போது வரியை ஒப்பிக்காமல் படத்தைக் காட்டி ‘இவன் ஏன் அழுறான்?’ என்று கேளுங்கள். ஒரே கதையை இருபது தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள், அவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று பிடிபடுகிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வயதில் அவன் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேச வேண்டும். வெளியாள் கேட்டாலும் அதில் பெரும்பகுதி புரிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். அடுத்து எப்போது வருகிறார்கள் என்று நாளைக்கே டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள்.