'ரெண்டர்ல போட்டா ஆஃப் ஆயிடுது சார்'

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக மாற்றும்போது, அதாவது ரெண்டரில், பாதியில் நின்றுவிடுகிறது. பலர் "கம்ப்யூட்டர் நிக்குது" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். எப்படி நின்றது? கரண்ட் போனதுபோலப் பட்டென்றா, நீலத்திரை காட்டியா, எடிட்டிங் மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டா? வைத்தியத்தில் பாதி இதற்குள் இருக்கிறது. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். மூன்று மணி நேர வீடியோவை ரெண்டரில் போட்டால் பாதியில் பட்டென்று ஆஃப் ஆகிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். பழைய கதைதான்.

ஃபார்மட்டுக்குக் கொடுத்த காசு வீண். மெஷின் மொத்தமாக அணைகிறது என்றால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. நீலத்திரை காட்டக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒன்று இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

மிஞ்சுவது சூடு அல்லது எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி). ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் லாகிங்கை (சூட்டை விடாமல் பதிவு செய்வதை) ஓடவிட்டு ரெண்டரை ஆரம்பியுங்கள். அணைந்த பிறகு அந்த லாக் ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். ப்ராசஸர் 95, 100 டிகிரியிலேயே நெடுநேரம் நின்று, ரெண்டரும் வரவர மந்தமாகியிருந்தால் சூடு. இன்றைய ப்ராசஸர்கள் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, அதிலும் அடங்காவிட்டால்தான் அணையும். 75 டிகிரியில் நல்ல வேகத்தில் ஓடும்போதே போயிருந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம்.

தறி ஓடும் தெருவிலிருந்து வந்த ஒரு மெஷினைத் திறந்தது நினைவிருக்கிறது. மேலே ஃபேன் பளிச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால், ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் பஞ்சு படிந்து கம்பளித் துண்டு மாதிரி கிடந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஒரே வில்லையாக உரிந்து வந்தது. ஃபேனின் வட்டம்கூட அதில் பதிந்திருந்தது. காற்று எங்கே போகும்? ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றிப் பேரிங் போய்விடும். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, அதே ரெண்டரைப் போடுங்கள். முழுதாக முடிந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கேபினெட்டோடு இலவசமாக வந்ததா அது? தானம் கொடுத்த மாடுதான், ஆனாலும் இதை மட்டும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்.

மற்ற நேரம் கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிறது. ரெண்டர் நேரத்தில் போனால் அதுவும் சேர்ந்து போகிறது. 600 விஏ, பேட்டரி புதுசு. (ஓமலூர்)

விஏ வேறு, வாட் வேறு. சாதாரண 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். டைப் அடிக்கும்போது 100 வாட் இழுக்கும் மெஷின், கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து உழைத்தால் 400-ஐத் தாண்டலாம். 1 கேவிஏ-வுக்குக் குறையாமல், முடிந்தால் ப்யூர் சைன்வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) யூபிஎஸ்ஸாக வாங்குங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில, மட்டமான யூபிஎஸ்ஸின் படிக்கட்டு அலைக்கு ஒத்துப்போகாது.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ட்ரோன் வீடியோவை 4கே-யில் எடுத்து லேப்டாப்பில் எடிட் செய்கிறேன். எக்ஸ்போர்ட்டில் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வருகிறது, எடிட்டர் மூடிக்கொள்கிறது. இந்தக் குளிரில் சூடாக வாய்ப்பே இல்லையே அண்ணா?

உங்களுக்குச் சூடு முதல் சந்தேகம் இல்லைதான். ஆனால் குளிருக்குப் போர்வை மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்ப்பவர்களை உங்கள் மலையில் பார்த்திருக்கிறேன். அடியில் காற்று வழி அடைபட்டால், 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கொதிக்கத்தான் செய்யும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி கிராபிக்ஸ் டிரைவருடையது. கார்டிடமிருந்து 2 விநாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரை உதறிவிட்டு மறுபடி எழுப்பும். அந்தக் கறுப்பு அதுதான். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் இருந்தால் உறுதி. என்விடியா கார்டு என்றால் கேம் ரெடி டிரைவரை எடுத்துவிட்டு ஸ்டூடியோ டிரைவர் போடுங்கள். பிறகு ஒருமுறை ஹார்ட்வேர் என்கோடிங்குக்கு (கிராபிக்ஸ் பக்கம் செய்வது) பதில் சாப்ட்வேர் என்கோடிங்கில் (ப்ராசஸர் செய்வது) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 4 ஜிபி கார்டில் 4கே க்ளிப் மேல் நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டிருந்தால் கார்டின் மெமரி நிரம்பியிருக்கும். அந்தக் க்ளிப்பை மட்டும் தனியாக ரெண்டர் செய்து டைம்லைனில் வையுங்கள்.

எத்தனை முறை போட்டாலும் சரியாக 23-ஆவது நிமிடத்தில் நிற்கிறது. (ஆத்தூர்)

அப்படியானால் மெஷினை விடுங்கள், 23-ஆவது நிமிடத்தில் இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய க்ளிப்பாக இருக்கும். செல்போன் வீடியோவில் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும், சில எடிட்டர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டாக மாற்றிச் சேருங்கள்.

புது மெஷின், இன்டெல் ஐ7 14-ஆம் தலைமுறை. ஒருநாள் நீலத்திரை, ஒருநாள் எடிட்டர் மட்டும் மூடுகிறது. நேரமும் இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. (ஃபேர்லேண்ட்ஸ்)

மாறி மாறி வருவதுதான் கண்டுபிடிக்கச் சிரமம். முதலில் பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பு) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதிக வேகத்தில் ஓட்டும் வசதியை, அணைத்துவிட்டு ராமைச் சாதாரண வேகத்தில் ஓடவிடுங்கள். இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டுப் படுங்கள். காலையில் ஒரு பிழை இருந்தாலும் அந்த ராம் ஆகாது.

ராம் சுத்தம் என்றால் பயாஸைப் பாருங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் தேய்மானம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. இனி கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அதற்காக இன்டெல் வாரன்ட்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது. பில்லை பீரோவில் தேடி எடுத்து வையுங்கள்.

4 ஜிபி ஆனதும் எரர் அடித்து நிற்கிறது. நேராகப் பென்டிரைவுக்கே எக்ஸ்போர்ட் செய்கிறேன். (கொண்டலாம்பட்டி)

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது; அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. ஹார்ட்டிஸ்க்கில் ரெண்டர் செய்து, பென்டிரைவில் இருப்பதைக் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கஸ்டமர் வீட்டுப் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அவர்களுக்கு முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். மெஷினை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.