விசா 10 வருசம், இன்சூரன்ஸ் 1 வருசம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 68 வயசு, கொக்குவிலில இருக்கிறன், பென்சன் எடுத்த ரீச்சர். மகன் கனடாவில, ஸ்காபரோவில. எனக்கு சூப்பர் விசாவுக்குப் போடப்போறான், பிள்ளையளோட போய் நிக்கத் தாய் தேப்பனுக்குக் குடுக்கிற 10 வருச விசாவாம். எனக்குப் பிரஷரும் சீனியும் இருக்கு, பெரியாஸ்பத்திரியில கிளினிக். இன்சூரன்ஸ் போமில வருத்தத்தைச் சொன்னா காசு கூடும், சொல்லாமல் விடுங்கோ எண்டு மகனுக்கு ஆரோ சொல்லியிருக்கினம். அப்பிடி விடலாமோ? 10 வருச விசா எண்டா அங்கத்த ஆள் மாதிரித்தானே, பேந்து ஆஸ்பத்திரி இலவசம் தானே?

பதில்: ரீச்சர், பின்னுக்குக் கேட்டதுக்கு முதல் சொல்லுறன், இலவசம் இல்லை. 10 வருசம் எண்டது படலை திறக்கிற திறப்பு மட்டும்தான், அந்தக் காலத்துக்குள்ள போய் வரலாம். ஒருக்காப் போனா எவ்வளவு காலம் நிக்கலாம் எண்டது வேற கணக்கு, 2022 யூலையில இருந்து ஒரு தரத்துக்கு 5 வருசம், அதுக்கு முதல் 2 வருசமா இருந்தது. அந்த 5 வருசமும் மகன்ர வீட்டில ஒரே அறையில இருந்து பேரப்பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாலும் கனடாச் சட்டத்தில நீங்கள் விசிற்றர் தான். மகன் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில ஓஹிப் காட் எண்டு அரசாங்க மருத்துவக் காட் ஒண்டு இருக்கு, மகனிட்ட இருக்கும், அது சூப்பர் விசாவில நிக்கிறவைக்குக் குடுக்க மாட்டினம். இஞ்ச நாங்கள் கிளினிக் கொப்பியை மட்டும் கையில கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு சதமும் குடுக்காமல் மருந்தோட வந்து பழகின சனம், அந்தப் பழக்கத்தோட அங்க போனா ஒரு இரவு வோட்டில கிடந்த பில்லே பிள்ளையளின்ர சேமிப்பைத் துடைச்சுக்கொண்டு போயிடும்.

இப்ப முதல் கேள்விக்கு வாறன். சொல்லாமல் விடாதேங்கோ, தயவுசெய்து.

கனடா அரசாங்கம் கேக்கிறது குறைஞ்சது 1 லட்சம் கனேடிய டொலருக்கு, நீங்கள் உள்ளுக்குப் போற நாளில இருந்து ஒரு வருசத்துக்குச் செல்லுபடியாகிற மெடிக்கல் இன்சூரன்ஸ். வெறும் விலைப்பட்டியலைக் காட்டினா எடுக்க மாட்டினம், காசு கட்டியிருக்கவேணும், தவணைக்கு எண்டாலும் முதல் காசு கட்டின பத்திரம் வேணும். முந்திக் கனடாக் கொம்பனியளிட்டத்தான் எடுக்கலாம், 2025 ஜனவரிக்குப் பிறகு வெளிநாட்டுக் கொம்பனியளும் சரி, ஆனா கனடாவில நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற அரசாங்க அலுவலகத்தின்ர அனுமதி உள்ள கொம்பனியா இருக்கவேணும், கொழும்பில விக்கிற எல்லா ட்ராவல் இன்சூரன்சும் சரிவரும் எண்டு நினைச்சிடாதேங்கோ. ஆனா கவனிக்கவேண்டியது என்னெண்டா, உங்கட பழைய வருத்தத்துக்கும் சேத்து எடுக்கவேணும் எண்டு அரசாங்கம் கேக்கிறேல்லை. அதால விசாவுக்குக் காணும் எண்டு மலிவானதை எடுத்து அனுப்பிவிடுகினம், விசாவும் வந்திடும், எல்லாரும் சந்தோசம், நெஞ்சு நோ வந்து அம்புலன்சில ஏறின அண்டைக்குத்தான் அந்தப் பொலிசியில பிரஷர் சம்பந்தப்பட்ட ஒண்டுக்கும் காசு இல்லை எண்டு தெரியவரும்.

பழைய வருத்தத்தைச் சேத்து எடுத்தாலும் ஒரு நிபந்தனை இருக்கு. இங்கிலீசில ஸ்ரேபிள் எண்டு எழுதியிருப்பாங்கள், பொலிசி தொடங்கிறதுக்கு முதல் குறிப்பிட்ட நாளுக்கு, கொம்பனியையும் வயசையும் பொறுத்து 90 நாளோ 120 நாளோ 180 நாளோ, அந்த வருத்தம் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்திருக்கவேணும். மாற்றம் எண்டா வருத்தம் கூடினது மட்டும் இல்லை, புதுக் குளிசை தொடங்கினது, அளவைக் கூட்டினது, கனக்கப் பொலிசியளில குறைச்சது கூட மாற்றம்தான்.

இதை நான் இவ்வளவு நீட்டிறதுக்குக் காரணம் என்ர பெரியம்மா. ரொறன்ரோவுக்குப் போக 3 கிழமை இருக்கேக்க கிளினிக்கில பிரஷர்க் குளிசையை 5 மில்லிகிராமில இருந்து 10 ஆக்கிவிட்டவை, டொக்டர் செய்தது சரியான வைத்தியம், அதில பிழை சொல்ல ஏலாது. ஆனா அதை இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லவேணும் எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தோணேல்லை. போய் ரண்டாம் மாசம் நெஞ்சு நோவெண்டு 4 நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா, கொம்பனி கிளினிக் கொப்பியின்ர ஃபோட்டோகொப்பியைக் கேட்டு வாங்கிப் பாத்திட்டு 180 நாளுக்குள்ள மருந்து மாறியிருக்கு எண்டு காசு தர மாட்டம் எண்டு எழுதிப்போட்டாங்கள். எந்தக் கொம்பனி எண்டு நான் சொல்லேல்லை, ஒப்பந்தத்தில அப்பிடித்தான் எழுதியிருந்தது, வாசிக்காதது நாங்கள். பெரியம்மாவின்ர மகள் அந்தப் பில்லை மாசா மாசம் கட்டி முடிக்கிற வரைக்கும் பெரியம்மா மகள்ர முகத்தைப் பாக்கவே கூச்சப்பட்டவ. பேரப்பிள்ளையைத் தூக்கப் போன மனிசி அது.

அதால நீங்கள் செய்யவேண்டியது இதுதான் ரீச்சர். கிளினிக்கில டொக்டரிட்ட பயணத் திகதியைச் சொல்லுங்கோ, மருந்து மாத்துறதெண்டா இப்பவே மாத்தி, அந்த நாள் கணக்கு முடிஞ்சாப் பிறகு ஏறக்கூடியமாதிரி மகனை ரிக்கெற் போடச்சொல்லுங்கோ. இன்சூரன்சுக்காக மருந்தைக் கூட்டாமல் விடச்சொல்லிக் கேக்க மட்டும் வேண்டாம், உடம்புதான் முதல். கடைசி நேரத்தில மாறினா மகனைக் கொம்பனியோட கதைக்கச்சொல்லுங்கோ, தொடங்கிற திகதியைத் தள்ளிவைக்கலாமோ, வேற பொலிசி இருக்கோ எண்டு கேட்டு அதை ஈமெயிலில எழுத்தா வாங்கவேணும். காசு கூடுது எண்டா வருத்தத்தை மறைக்கிறதுக்குப் பதிலா முதல் 500 டொலரையோ 1000 டொலரையோ நாங்களே கட்டுறம் எண்டு ஒத்துக்கொண்டு எடுங்கோ, டிடக்டிபிள் எண்டுவினம், அதில மாசக் காசு குறையும். சின்னக் காய்ச்சலுக்கு டொக்டரிட்டப் போற செலவைத் தாங்கலாம், ஒப்பரேசன் செலவைத் தாங்க ஏலாது.

இன்னொண்டு, இன்சூரன்ஸ் வருசா வருசம் புதுசு. முதல் வருசம் அங்க நிக்கேக்க வந்த வருத்தம் ரண்டாம் வருசப் பொலிசிக்குப் பழைய வருத்தமாப் போயிடும், புதுப்பிக்கேக்க திருப்பியும் போமை வடிவா வாசிக்கவேணும். நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு வந்திட்டுத் திரும்பிப் போனாலும் எயாப்போட்டில செல்லுபடியான இன்சூரன்ஸ் காட்டவேணும், சில பொலிசி நீங்கள் ஊருக்கு வந்த உடனை முடிஞ்சிடும். பாஸ்போட்டில கனகாலம் இல்லையெண்டா புதுப்பிச்சிட்டுப் போடுங்கோ, பாஸ்போட் முடியிற திகதிக்கு மேல விசா தர மாட்டினம்.

கேள்வி: தங்கச்சி மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் போறாள். விசாவோட ஹெல்த் சார்ஜ் எண்டு பெரிய காசு கட்டினம். இதுக்கு மேல தனியா இன்சூரன்சும் வேணுமோ? (மானிப்பாய் வாசகர்)

பதில்: அவசியம் இல்லை தம்பி. மாணவருக்கு அது வருசத்துக்கு 776 பவுண், 2024 பெப்ரவரியில கூட்டினவை, அதைக் கட்டினபடியா அங்கத்த ஆக்களைப் போல என்.எச்.எஸ் எண்ட அரசாங்க ஆஸ்பத்திரியைப் பாவிக்கலாம். அங்க போய் இறங்கின கிழமையே வீட்டுக்குக் கிட்ட உள்ள ஜீ.பீ எண்ட குடும்ப டொக்டரிட்டப் பதியச்சொல்லுங்கோ, கனபேர் வருத்தம் வந்தாப் பிறகுதான் தேடி ஓடினம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு, இங்கிலாந்தில மருந்துச் சீட்டுக்கும் காசு. பல்லில ஏதும் இருந்தா ஊரில கட்டிக்கொண்டு போறது நல்லம்.

கேள்வி: நான் கனடாச் சிற்றிசன், 71 வயசு, 26 வருசம் ஒன்ராறியோவில மார்க்கம் நகரத்தில இருந்திட்டு இப்ப சாவகச்சேரியில காணி வீட்டைத் திருத்தி வருசத்தில 9 மாசம் இஞ்சதான். ஓஹிப் காட் இன்னும் பையில இருக்கு. ஏதும் பிரச்சினை வருமோ?

பதில்: வரும் ஐயா. சிற்றிசன் உரிமை ஆயுளுக்கும் உங்கட, ஆனா ஓஹிப் சிற்றிசனுக்குக் குடுக்கிறதில்லை, ஒன்ராறியோவில குடியிருக்கிறவைக்குக் குடுக்கிறது. எந்த 12 மாசத்தை எடுத்தாலும் குறைஞ்சது 153 நாள் அங்க நிக்கவேணும். நீங்கள் 9 மாசம் இஞ்ச எண்டா அங்க 90 நாள்தான் வருது. ஓஹிப் காட்டில திகதி இருக்கிறது வேற, உரிமை இருக்கிறது வேற, பிறகு நாள் கணக்கைப் பாத்து ஒப்பரேசன் செலவைத் திருப்பிக் கேட்டா இந்த வயசில அலைய ஏலாது. நீண்ட நாள் வெளியில நிக்கிறதுக்கு அனுமதி எடுக்கிற முறையும் இருக்கு, போறதுக்கு முதல் சேர்விஸ் ஒன்ராறியோ எண்ட மாகாண அரசாங்க அலுவலகத்தில கேளுங்கோ. உரிமை விட்டுப்போனாலும் பயப்படாதேங்கோ, திரும்பக் குடியிருக்கப் போனா திருப்பிப் பதியலாம், முந்தி இருந்த 3 மாசக் காத்திருப்பை 2020 இல எடுத்துப்போட்டினம்.

காட் சரியா இருந்தாலும் சாவகச்சேரியில விழுந்து காலை முறிச்சா ஓஹிப் தாறது மிகக் கொஞ்சம், வெளிநாட்டில அவசரமா வோட்டில கிடந்தா ஒரு நாளுக்கு 200 தொடக்கம் 400 டொலர் வரைதான்.

பென்சனையும் பாருங்கோ. 18 வயசுக்குப் பிறகு 20 வருசம் கனடாவில இருந்தவைக்கு முதியோர் பென்சன் எங்க இருந்தாலும் வரும், உங்களுக்கு 26 இருக்கு. ஆனா வருமானம் குறைஞ்சவைக்குக் கூட்டிக் குடுக்கிற காசு, ஜீ.ஐ.எஸ், 6 மாசத்துக்கு மேல வெளியில நிண்டா நிண்டிடும். நீங்கள் சொல்லாமல் இருக்க அது வங்கியில விழுந்துகொண்டிருந்தா பிறகு மொத்தமாத் திருப்பிக் கட்டச்சொல்லுவினம், இந்த மாசமே கனடாப் பென்சன் அலுவலகத்துக்குப் போன் எடுத்து எத்தினையாம் திகதி இஞ்ச வந்தனியள் எண்டு சொல்லிப்போடுங்கோ, பழைய போடிங் பாஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைலுக்குள்ள போட்டு வையுங்கோ.