தட்டைத் துளைக்கு என்ன ஹெட்செட்? ரேடியோக்காரர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: போனில் நேராகச் செருகுகிற, விலை குறைந்த ஒயர் ஹெட்செட். அட்டையில் இயர்போன் என்று அச்சிட்டிருந்தாலும் ராமநாதபுரம் கரையில் மண்டபம் முதல் தொண்டி வரை அதற்கு ஹெட்செட் என்றுதான் பெயர். பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒயர் இல்லாத ரகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்ததுதான். படகின் அணியத்தில் நிற்கும்போது காதிலிருந்து நழுவி விழுந்த இயர்பட் ஒன்றை இதுவரை யாரும் வலை போட்டு எடுத்ததில்லை.

ஐயா, என் பழைய போனில் வட்டத் துளை இருந்தது. புதுப் போனில் சார்ஜர் செருகும் தட்டைத் துளை மட்டும்தான். ராமேஸ்வரத்தில் நடைபாதைக் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு சி டைப் ஹெட்செட் வாங்கினேன். என் மைத்துனர் போனில் பாடுகிறது, என் போனில் ஊமையாக இருக்கிறது. ஹெட்செட்டில் கோளாறா, போனில் கோளாறா?
வாசகர், தங்கச்சிமடம்

இரண்டிலும் கோளாறு இல்லை தம்பி. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மீன் கடையில் இரண்டு வகை உண்டல்லவா? ஒரு கடையில் செதில் உரித்து, துண்டு போட்டு, கழுவிக் கொடுப்பார்கள். இன்னொரு கடையில் முழு மீனைப் பையில் போட்டுக் கையில் தருவார்கள். அரிவாள்மனை உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். போனுக்குள் பாட்டு எண்களாகத்தான் கிடக்கிறது. அதை ஒலி அலையாக மாற்ற ஒரு சில்லு (சிப்) வேண்டும். டி.ஏ.சி. என்று அதற்குப் பெயர். வட்டத் துளை உள்ள போனில் அந்தச் சில்லு போனுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். ஹெட்செட்டில் வெறும் ஒயர் இருந்தால் போதும். தட்டைத் துளை போன்களிலோ சில, துண்டு போட்ட மீனைத் தருகின்றன. பல, முழு மீனைத் தருகின்றன. உங்கள் மைத்துனருடையது முதல் ரகம், உங்களுடையது இரண்டாவது. நீங்கள் வாங்கிய 120 ரூபாய்ப் பொருளில் அரிவாள்மனை இல்லை.

கூகுள் பிக்சல், சாம்சங்கின் புதிய எஸ் வரிசை, 2023இல் வந்த ஐபோன் 15 முதலான சி டைப் ஐபோன்கள் எல்லாம் இரண்டாம் ரகம். சில்லு வைத்த ஹெட்செட் இவற்றில் பாடும். முதல் ரகப் போன்களிலும் பெரும்பாலும் பாடிவிடும். ஆகவே எந்த ரகம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அட்டையில் 'டி.ஏ.சி.' அல்லது 'டிஜிட்டல்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் அது 500 முதல் 900 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாருங்கள். "எல்லாப் போனுக்கும் சேரும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. செருகியும் பாடவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சில கம்பெனிகளின் போன்களில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி. என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் சில்லு வைத்த ஹெட்செட்டைப் போன் கண்டுகொள்ளாது. போட்டுவிட்டாலும் பத்து நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் தானாகவே அணைந்துகொள்ளும். "நேற்றுப் பாடியது, இன்று பாடவில்லை" என்று என் கடைக்கு வந்த பலரை, அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

பழைய வட்டப் பின் ஹெட்செட் நல்ல நிலையில் இருந்தால் எறிய வேண்டாம். ஒரு கன்வர்ட்டர் போதும். அதற்கும் இதே விதிதான்: உள்ளே சில்லு இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க் கன்வர்ட்டரில் இருக்காது. ஆப்பிள் விற்கும் சிறு கன்வர்ட்டரில் நல்ல சில்லு உண்டு, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஒலியைத் தணித்தே கொடுக்கும். படகு எஞ்சின் சத்தத்துக்கு அது போதாது.

ஒரே துளை என்பதால் பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். அடுத்த போன் வாங்கும்போது வட்டத் துளை இருக்கிறதா என்று கேமராவுக்கு முன்பே பாருங்கள். விலை குறைந்த போன்களில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏழைக்குக் கிடைத்த அபூர்வ லாபம்.

அண்ணே, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் நாங்கள். கரைக்கு வந்து காயவைக்கும்போது பாட்டுக் கேட்போம். எந்த ஹெட்செட்டும் மூன்று மாதம் தாண்டுவதில்லை. முதலில் ஒரு காது போகும், பிறகு கரகரவென்று சத்தம். விலை கூடியதை வாங்கினால் நீடிக்குமா?
வாசகி, மண்டபம்

தங்கச்சி, விலை கூடியதும் அதே மூன்று மாதத்தில் போகும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, என் பழைய டப்பாவிலிருந்து செத்துப்போன ஒன்றை எடுத்து, பின்னுக்குப் பின்னால் உள்ள ரப்பரைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள். ஒரு கற்றை சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று செம்பு நிறம். இந்த நிறம் பிளாஸ்டிக் உறையல்ல. ஒவ்வொரு இழையின் மேலும் பூசிய வார்னிஷ். நடுவில் கம்பி அறுந்துவிடாமல் இருக்க வெள்ளை நூல் ஒன்று ஓடுகிறது. பச்சைக் கற்றை, ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்துக்கு அரை விரல் முன்னால் அறுந்து கிடந்தது. அறுந்த முனையில் பச்சைக் களிம்பு, வெண்கலக் குத்துவிளக்கில் படிவதைப் போல.

நடந்தது இதுதான். பின்னருகே ஒயர் தினமும் மடிகிறது. ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுகிறது. அதன் வழியே உப்பு ஈரம் உள்ளே போகிறது. நல்ல தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். உப்போ, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நம் கரையில் அது காயவே காயாது. செம்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

ஆகவே வாங்கும்போது காதில் மாட்டும் பகுதியைப் பார்ப்பதற்கு முன்னால், பின்னின் கழுத்தைப் பாருங்கள். பின்னும் ஒயரும் சேரும் இடத்தில் மென்மையான, வரிவரியான ரப்பர்க் கழுத்து ஒரு விரல் நீளமாவது இருக்க வேண்டும். வளைத்தால் அது மொத்தமாக வளைய வேண்டும், ஓரிடத்தில் மடியக் கூடாது. போனைப் பையில் வைத்துக்கொள்பவர்களுக்கு எல் வடிவப் பின் நல்லது. ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும் இதே சோதனை. துணி சுற்றிய ஒயர் பார்க்க அழகு, சிக்கும் விழாது. ஆனால் உப்புத் தண்ணீரைத் துணி குடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு வழுவழுப்பான ரப்பர் ஒயரே சரி.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பின் முதல் காது வரை ஒரு தடவை துடைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். போனைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைக்காதீர்கள்; பாதி ஹெட்செட்டுகள் அப்படித்தான் சாகின்றன.

சி டைப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சிறு துளைக்குள் 24 தொடுமுனைகள் நெருக்கமாக இருக்கின்றன; மின்சாரமும் அங்கேதான். உப்பு ஈரத்தோடு பின்னைச் செருகினால் மேற்பூச்சு அரித்துப் போய், பாட்டு மட்டுமல்ல, சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். தண்ணீர்த் துளிப் படம் போட்டுப் போன் எச்சரித்தால் காயும்வரை எதையும் செருகாதீர்கள். துளையைச் சேஃப்டி பின்னால் குடையவும் வேண்டாம். நானே ஒருமுறை வாடிக்கையாளர் போனில் ஊசியை விட்டு, நடுவில் இருந்த நாக்கை ஒடித்துவிட்டு, என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றைய வருமானம் முழுவதும் அதற்கே போயிற்று.

காக்கா, என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது என்கிறார். நல்ல மைக் உள்ள ஹெட்செட் எது?
வாசகி, கீழக்கரை

கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். முன்பின் தெரியாத என்னையும் அப்படி அழைத்ததற்கு நன்றி தங்கச்சி.

புதிதாக வாங்குவதற்கு முன் பின்னைப் பாருங்கள். வட்டப் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக் உண்டு. இரண்டே வளையம் என்றால் அது பாட்டுக் கேட்க மட்டும். நீங்கள் பேசுவதை எங்கோ கிடக்கும் போனின் மைக்தான் பிடிக்கிறது, கிணறு அங்கிருந்துதான் வருகிறது. மூன்று வளையம் இருந்தும் இப்படி என்றால், போனில் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து பேசிப் பதிந்து கேளுங்கள். பதிவு நன்றாக இருந்தால் குற்றம் இணைய இணைப்பில்; ஹெட்செட்டைப் பழிக்க வேண்டாம்.

பதிவும் மோசமா? ஒயரில் பொத்தான் உள்ள சிறு பெட்டியில் குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும், அதுதான் மைக். அது துப்பட்டிக்குள் போய்விட்டால் துணி உரசும் சத்தமும் மங்கிய குரலும்தான் போகும். துணிக்கு வெளியே எடுத்து, தாடைக்கு நேராக வரும்படி விடுங்கள். அந்தப் பெட்டி நெஞ்சு வரை தாழ்ந்து தொங்கும் ரகங்களும் உண்டு, அவற்றை வாங்காதீர்கள்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது என்றால் அது வேறு கதை. மைக்குக்கும், மின்சாரம் திரும்பும் பூமி ஒயருக்கும் (எர்த்) உரிய இடம் பழைய காலத்துப் பின்களில் சில மாறியிருக்கும். அலமாரியில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

10 எம்.எம்., 32 ஓம்ஸ், எக்ஸ்ட்ரா பேஸ்... இவற்றில் எதைப் பார்த்து வாங்குவது?
கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

ஓம்ஸ் என்பது ஹெட்செட்டின் மின்தடை. போனுக்கு 16 முதல் 32 ஓம்ஸ் வரை எதுவும் சரி. மற்றவற்றை அட்டையில் அச்சடிக்க மைச்செலவு மட்டுமே ஆகும். பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் மூடி தருகிறார்களா என்று பாருங்கள். காதுத் துளைக்குச் சேராத மூடியில் எந்த பேஸும் கேட்காது.

அண்ணன் விட்டுப்போன பழைய ஐபோனுக்கு 250 ரூபாய் ஹெட்செட் வாங்கினேன். செருகினால் புளூடூத்தைப் போடு என்கிறது. ஒயர் இருக்கும்போது புளூடூத் எதற்கு?
வாசகர், தொண்டி

நல்ல கேள்வி. அந்தப் பின் போனிலிருந்து மின்சாரத்தை மட்டும் உறிஞ்சுகிறது. பாட்டு காற்று வழியாகத்தான் வருகிறது. பழைய ஐபோன்களுக்கே உரிய லைட்னிங் பின்னுக்கான முறையான சில்லைப் போடாமல் தப்பிக்க யாரோ கண்டுபிடித்த தந்திரம் இது. 2016இல் ஐபோன் 7 வட்டத் துளையை அடைத்ததிலிருந்து இந்த வியாபாரம் நடக்கிறது. புளூடூத் கேட்டால் அது ஒயர் ஹெட்செட் அல்ல. பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

விசைப்படகு டிரைவர் நான். எஞ்சின் சத்தத்தில் ஒலியை முழுதாக வைத்தால்தான் பாட்டுக் கேட்கிறது. காதுக்குக் கெடுதலா?
வாசகர், மூக்கையூர்

கெடுதல்தான். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபல் வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் நான்கே மணி நேரம். எஞ்சினோடு போட்டி போட்டால் அதற்கு மேலேயே போய்விடும். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் மூடி உள்ள ரகத்தை வாங்கினால் எஞ்சின் தணிந்து கேட்கும், பாதி ஒலியே போதும். ஆனால் வலைக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஓடும்போதும் வலை இழுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கத்துவது கேட்டாக வேண்டும்.

ஐயா, பழைய போனில் 90.4இல் கடல் ஓசை வானொலி கேட்பேன். புதுப் போனில் சி டைப் ஹெட்செட் போட்டால் எஃப்.எம். வருவதில்லையே?
வாசகர், பாம்பன்

எனக்குப் பிடித்த கேள்வி. இலங்கை வானொலி கேட்பதற்காக டிரான்சிஸ்டரைத் தோளில் சுமந்து வந்தவர்களுக்குப் பழுது பார்த்துத் தொழில் தொடங்கியவன் நான்.

எஃப்.எம். கேட்க ஏரியல் வேண்டும். போனில் அது கிடையாது. ஹெட்செட் ஒயர்தான் ஏரியல். 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர், அதில் கால் பங்கு 83 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஹெட்செட் ஒயர் அதைப் பிடிக்கக் கச்சிதம். சில்லு வைத்த சி டைப் ஹெட்செட்டின் ஒயருக்கும் போனுக்குள் இருக்கும் ரேடியோவுக்கும் பொதுவாகத் தொடர்பே கிடையாது. பல புதுப் போன்களில் அந்த ரேடியோவும் கிடையாது. செயலி வழியே கேட்கலாம், ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் போனால் இணையம் எங்கே?

உங்கள் பழைய போன் இன்னும் ஓடுகிறது என்றால் அதை ரேடியோவாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புது ஹெட்செட்டும் வேண்டாம். காது ஊமையாகிப்போன வட்டப் பின் ஹெட்செட் ஒன்றைச் செருகி, எஃப்.எம். செயலியில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டால் போதும். பூமி ஒயர் மட்டும் அறுந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவை என் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. மண்டபம் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.