பதில்: கானா தலைநகர் அக்ராவில் ரகசியமாகப் பதிவான போன் பேச்சு
வீட்டுச் சொந்தக்காரர் உங்கள் போன் பேச்சைச் சொல்லாமல் பதிவு செய்துவிட்டு "கோர்ட்டில் போட்டுக் காட்டுவேன்" என்று மிரட்டுகிறார், வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. கானாவின் 1992 அரசியலமைப்பில் 18(2)ஆம் பிரிவு வீடு, சொத்து, கடிதம், தகவல் தொடர்பு எல்லாவற்றின் அந்தரங்கத்தையும் காக்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. 12ஆம் பிரிவின்படி இந்த உரிமையை அரசு மட்டுமல்ல, வீட்டுச் சொந்தக்காரர் போன்ற தனிநபர்களும் மதிக்க வேண்டும். 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதே மாதிரி ஒளித்துப் பதிவு செய்த போன் பேச்சை அந்தரங்க மீறல் என்று சொல்லி, சாட்சியமாக ஏற்க மறுத்தது. ஆனால் இப்படிப்பட்ட பதிவு எல்லா வழக்கிலும் தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது, நீதிபதி எடைபோட்டுத்தான் முடிவெடுப்பார், அதனால் அதைத் தாக்கல் செய்யும்போதே உங்கள் வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும். அப்புறம், மிரட்டி வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள், பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.