வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் பயிற்சிக்கு எந்த டிரம் மாட்யூல்?

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகன், தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். எங்கள் வீடு பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கொண்டது என்பதால் தோல் டிரம்ஸை இங்கே வாசிக்க வழியில்லை. உறவினர் ஒருவர் தம்முடைய எலெக்ட்ரானிக் டிரம் பேடுகளைத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் பேடில் விழும் அடியை ஒலியாக மாற்றித் தரும் பெட்டியான அதன் மாட்யூல் பழுதாகிவிட்டது. மாட்யூலை மட்டும் வாங்க வேண்டும். ஒலிகள் அதிகமாக உள்ளதை வாங்குவதுதான் நல்லதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒலிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளவே வேண்டாம். நூற்றுக்கணக்கான ஒலிகள் இருந்தாலும், அன்றாடப் பயிற்சியில் உங்கள் மகன் இரண்டு மூன்று தொகுப்புகளைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவான். மாட்யூலின் தரம், அது அடியை எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பேடுக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள பீசோ என்னும் சிறு தகடு, குச்சி படும்போது எழும் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. அதன் அளவை மாட்யூல் சில மில்லிநொடிகளுக்குள் கணித்து, அதற்குப் பொருந்தும் ஒலியை எழுப்புகிறது. மின் இசைக்கருவிகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான மிடியில் அடியின் வலு 1 முதல் 127 வரையான எண்ணாகக் குறிக்கப்படும். தவிலில் தொப்பி என்னும் பக்கத்தின் மேல் குச்சி மெல்லத் தொடுவதும் ஓங்கி விழுவதும் வெவ்வேறாக ஒலிப்பதை உங்கள் மகன் ஊர்த் திருவிழாக்களில் கேட்டே வளர்ந்திருப்பான். டிரம் செட்டில் வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்மிலும் அப்படித்தான்: இரண்டு வலுவான அடிகளுக்கு நடுவே கேட்டும் கேட்காமலும் விழும் மெல்லிய அடிகள்தான் தாளத்துக்கு நடை தருகின்றன. அவற்றை விழுங்கிவிடும் மாட்யூலில் பழகும் பிள்ளை, தன்னை அறியாமலே எல்லாவற்றையும் ஓங்கி அடிக்கப் பழகிவிடுவான். தேவாலயத்தில் உண்மையான டிரம்ஸ் முன் உட்காரும்போது அந்தப் பழக்கம் பாடுபவர்களின் குரலை மூடிவிடும்.

ஆகவே, வாங்குவதற்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ செல்லும்போது, உறவினர் தந்த ஸ்நேர் பேடையும் ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) பெடலையும் அவற்றின் கேபிளோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் மாட்யூலோடு இணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மிக மெல்லத் தொடங்கிச் சிறுகச் சிறுக வலுவைக் கூட்டியபடி மகனை அடிக்கச் சொல்லுங்கள். ஒலி படிப்படியாக ஏற வேண்டும். ஓரிடத்தில் திடீரெனத் தாவினாலோ மெல்லிய அடி காணாமல் போனாலோ, சென்சிட்டிவிட்டி (அடியை எவ்வளவு கூர்மையாக உணர்வது), த்ரெஷோல்ட் (எவ்வளவு மெல்லிய அடி வரை ஏற்பது) என்ற இரண்டு அமைப்புகளையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஹை-ஹாட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பெடல் இன்னொரு நிறுவனத்தின் மாட்யூலோடு ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். விலை குறைந்த சிலவற்றில் திறப்பு, மூடல் என இரண்டு நிலைகள் மட்டுமே சரியாக ஒலிக்கும். பாதி திறந்த நிலையும் தெளிவாகக் கேட்கிறதா என்று காலால் மெதுவாக அழுத்தியபடியே சோதிக்க வேண்டும். அதே போல, ஸ்நேரின் விளிம்பு அடிக்குத் தனி ஒலி வருகிறதா, சிம்பல் என்னும் தட்டைக் கையால் பிடித்தவுடன் ஒலி நிற்கிறதா என்பவற்றையும் பாருங்கள். பேடுகள் எந்த நிறுவனத்துடையவையோ அந்த நிறுவனத்தின் மாட்யூலையே முதலில் தேடுவது இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

இணைப்பையும் கவனியுங்கள். சில மாட்யூல்களில் ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனி ஜாக் இருக்கும். வேறு சிலவற்றில் எல்லாப் பேடுகளும் பல கிளைகள் கொண்ட ஒரே 25 முனைக் கேபிள் வழியாகவே இணையும். மாட்யூலை மட்டும் வாங்குகிறவர்கள் அந்தக் கேபிளும் அடாப்டரும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றனவா என்று கேட்டே பணம் தர வேண்டும்.

சீரான வேகத்தில் தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமும், கைபேசியிலிருந்து பாடலை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கும் வசதியும் கட்டாயம் தேவை. புளூடூத் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் கைபேசிப் பாடலை மாட்யூலுக்குள் வாங்குவதற்கானது. வயர் இல்லாத ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால், பயிற்சிக்கு வயர் உள்ள, காதை முழுதும் மூடும் ஹெட்போனே ஏற்றது. பணம் இடம் கொடுத்தால், ரோலண்டின் டிடி-17 போல எஸ்டி கார்டிலிருந்து சொந்த ஒலியை ஏற்ற இடம் தரும் மாட்யூலை வாங்கலாம். மகன் தவிலையோ பறையையோ பதிவு செய்து ஒரு பேடில் வைத்துக்கொள்வான்.

கேள்வி: எலெக்ட்ரானிக் டிரம்ஸ்தான் வாசிக்கிறோம். ஆனாலும் கீழ்வீட்டார் சத்தம் என்கிறார்கள். மாட்யூலை மாற்றினால் தீருமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தீராது. அவர்களுக்குக் கேட்பது மாட்யூலின் ஒலியன்று. காலால் மிதித்து அடிக்கும் கிக் பெடலின் அடி தரை வழியாக இறங்கும் அதிர்வு. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே, நகராதபடி குழி வெட்டி, டென்னிஸ் பந்துகளைப் பரப்பி மேடை ஒன்று செய்து, அதன் மேல் முழு செட்டையும் வையுங்கள். வெறும் கம்பளம் போட்டால் அதிர்வு பெரிதாகக் குறையாது.