முடிவு தெரிந்த படத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: காதல் நகைச்சுவைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். பார்த்ததையே நாலு தடவை பார்ப்பேன். என் கணவரோ பத்தாவது நிமிடத்திலேயே, "இவனும் இவளும் சேரப்போறாங்க, அதுக்கு ரெண்டு மணி நேரமா?" என்று எழுந்து போய்விடுகிறார். என் ரசனையில் குறையா? அவரையும் உட்காரவைக்கிற மாதிரி படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரிதான், சேரத்தான் போகிறார்கள். படம் அதை மறைப்பதே இல்லை. சுவரொட்டியிலேயே இருவரும் ஒட்டி நிற்கிறார்கள். துப்பறியும் கதையில் 'யார் செய்தது' என்று தேடுகிறோம். இங்கே தேடுவது, 'இந்த இரண்டு பேர் எப்படிச் சேர முடியும்' என்பதை.

1934-இல் ஃப்ராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில், வழியில் சந்தித்த ஓர் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இரவைக் கழிக்க நேர்கிறது. அவன் நடுவில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான். அது ஒருநாள் விழும் என்று பார்க்கிற எவருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். கடைசியில் ஜோடியைக் காட்டவே இல்லை, போர்வை விழுவதை மட்டும் காட்டுகிறார்கள். படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் வாங்கிய படம் அது.

முடிவு தெரிந்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு. என்ன ஆகுமோ என்ற பதற்றம் போனதும் கண் முகங்களின் மேல் நிற்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முடிவை முன்பே சொல்லிக் கொடுத்த சிறுகதைகளையே வாசகர்கள் கூடுதலாக ரசித்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்கின்றன என்பதால் கணவரிடம் இதை வைத்து வாதாட வேண்டாம்.

அவருக்கு எரிச்சல் வரக் காரணம் வேறாக இருக்கலாம். நூறு நிமிடப் படம் என்றால் 10, 12 நிமிடங்களுக்குள் சந்திப்பு, 25-30இல் சேர்ந்தே இருந்தாக வேண்டிய ஒரு கட்டாயம், நடுவில் நெருக்கம், 75ஐ ஒட்டிப் பிரிவு, கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மன்னிப்பும் கூடலும். ஏறக்குறைய இதுதான் கணக்கு. நல்ல படமும் இதில்தான் ஓடுகிறது, மோசமான படமும் இதில்தான் ஓடுகிறது. வித்தியாசம் அந்த 75ஆவது நிமிடத்தில் தெரியும்.

பாதி காதில் விழுந்த பேச்சு, தவறாகப் படித்த குறுஞ்செய்தி, திடீரென வாசலில் நிற்கும் பழைய காதலி: இப்படி வரும் பிரிவு, இருவரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். அவர்கள் பேசாமல் இருப்பது திரைக்கதைக்கு அது தேவைப்படுவதால்தான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. சலிப்பு அங்கேதான் பிறக்கிறது. நல்ல ஊடலுக்கு வேர் முதல் காட்சியிலேயே இருக்கும். எதையும் கிண்டலடித்தே தப்பிப்பவன் ஒருவன். அந்தக் கிண்டல்தான் அவளை முதலில் ஈர்த்தது. அவள் உடைந்து அழும் நாளிலும் அவன் கிண்டலடித்தால் பிரிவு தானாக வரும். அப்புறம் அவன் விமான நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடினால் போதாது. ஒரு தடவையாவது கிண்டலில்லாமல் பேசியாக வேண்டும்.

படம் தேறுமா என்பதை முதல் 20 நிமிடங்களில் ஓரளவு கணித்துவிடலாம். காதலைத் தவிர இருவருக்கும் வேறு ஏதாவது வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு வேலை, ஒரு கடன், அப்பாவோடு தீராத சண்டை. எதுவும் இல்லையென்றால் பின்பாதி இழுக்கும். அவர்கள் வாயாடும்போது இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பேசுகிறவர் முகத்துக்கே வெட்டி வெட்டிப் போனால், கேட்கிறவர் சிரிப்பை அடக்கும் அந்த அரை நொடி நமக்குக் கிடைக்காது. காதல் பாதி அங்கேதான் நடக்கிறது. இன்னொன்று, 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொன்னவளை விடாமல் துரத்துவதைப் படம் இனிமையாகக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

கணவருக்கு, 1997-இல் வந்த 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் வெட்டிங்' படத்தில் தொடங்கலாம். நாயகி விரும்பியவன் அவளுக்குக் கிடைப்பதில்லை. இதை அவரிடம் முன்பே சொல்லிவிடாதீர்கள். அடுத்து 90-100 நிமிடத்துக்கு மேல் போகாத வழக்கமான படம் ஒன்று. முப்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, இவர்கள் எதனால் பிரிவார்கள் என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள். பிரிவுக் காட்சி முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். அவர் எழுதியது அப்படியே நடந்தும் அவர் மனசு கனத்தால், எழுத்து நல்ல எழுத்து. இருவர் சீட்டிலும் இல்லாத ஒன்று வானத்திலிருந்து குதித்தால், அன்று அவர் எழுந்து போவதில் நியாயமிருக்கிறது.

உங்கள் ரசனையில் குறை எதுவும் இல்லை. ஐந்தாவது தடவை பார்க்கும்போது, வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை மட்டும் பாருங்கள். யார் முதலில் காதலில் விழுந்தார் என்ற உங்கள் பதில் மாறக்கூடும்.