ஸ்டீயரிங் ஒடித்தால் ரிமோட் கார் செத்துப்போகிறதா?

பாறையேறும் ரிமோட் காரில் புது 25 கிலோ சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் மோட்டார்) போட்டும், ஸ்டீயரிங் ஒடித்தால் வண்டி செத்துப்போகிறது, சர்வோ கெட்டதா என்று கேட்டிருந்தீர்கள். சர்வோ கெட்டிருக்காது, கரண்ட் போதவில்லை. கல்லிடுக்கில் ஒடிக்கும்போது வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்றால், பெரும்பாலும் இஎஸ்சிக்குள் (ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் பிஇசிதான் காரணம்; பேட்டரி வோல்டேஜைக் குறைத்து சர்வோவுக்குக் கரண்ட் தரும் பகுதி அது. சக்கரம் கல்லில் சிக்கினால் பெரிய சர்வோ பல ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் சரிந்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்துவிடும்.

முன்சக்கரங்களைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடியுங்கள், ஓரிரு நொடி போதும். ரிசீவர் விளக்கு அணைந்தால் அதேதான்.

தனியாக 10 ஆம்பியர் பிஇசி போடுங்கள். சர்வோவுக்கு 6 வோல்ட்தான் என்றால் பிஇசியை 7.4 வோல்ட்டில் வைக்காதீர்கள். புது பிஇசியை ரிசீவரில் செருகினால், இஎஸ்சி பிளக்கின் சிவப்பு வயரைக் கழற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், புதுச்சேரி கடற்கரைப் பாறையில் ஓட்டுகிறேன் என்கிறீர்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் இதே கோளாறு வரும். முதலில் அதைப் பாருங்கள், காசு மிச்சம்.